குழாயைத் தொட்டால் குறைந்துபோக மாட்டோம்

மும்பைத் தமிழர்களிடையே, குறிப்பாக மாடுங்கா, செம்பூர் அடுக்குமாடி வீடுகளில், யாரும் கேள்வி கேட்காமல் நிலைத்துவிட்ட கருத்து ஒன்று உண்டு. குளியலறையில் குழாய் சொட்டினால் பிளம்பரைக் கூப்பிட வேண்டும். அவர் வரும்வரை அடியில் ஒரு வாளியை வைக்க வேண்டும். நாமாகக் கை வைக்கக் கூடாது. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நியாயமாகவே ஒலிக்கின்றன. தெரியாத வேலையில் இறங்கினால் ஐந்து ரூபாயில் முடிவது ஐயாயிரத்தில் போய் நிற்கும். வெளிநாட்டில் ஆள்கூலி அதிகம் என்பதால் அங்கே தாங்களே செய்துகொள்கிறார்கள். இங்கே ஒரு போன் போட்டால் ஆள் வருகிறார். அலுவலகமும் ரயிலும் தின்றது போக மிஞ்சும் நேரத்தில் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, உழைத்துப் பிழைக்கிற ஒருவரின் வருமானத்தை நாம் ஏன் கெடுக்க வேண்டும்?

இந்தக் கருத்து முழுக்கத் தவறு என்பது என் கட்சி. எச்சரிக்கை, நேரம், இரக்கம் என்று அதற்குப் பல முகங்கள் இருந்தாலும், ஒவ்வொன்றையும் நிறுத்தி விசாரித்தால் ஒன்றும் தேறுவதில்லை. அது நம் தண்ணீரை வீணாக்குகிறது, கட்டிடத்தை அரிக்கிறது, நாம் இரக்கப்படுவதாகச் சொல்லும் அதே பிளம்பரை மதிக்கவிடாமலும் செய்கிறது.

முதலில், போன் போட்டால் ஆள் வருகிறார் என்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு வாஷர் மாற்றுவதற்காக மட்டும் யார் வருவார்? மான்கூர்டிலிருந்தோ கோவண்டியிலிருந்தோ கருவிப் பையோடு கிளம்பி, வாட்ச்மேனிடம் பெயர் எழுதி, கடைக்குப் போய்ப் பொருள் வாங்கி வந்து, பத்து நிமிட வேலையை முடித்துவிட்டுத் திரும்ப அவருக்கு அரை நாள் போகிறது. அந்த அரை நாளுக்கு உரிய கூலியைக் கேட்டால் நாம் தர மனம் வராமல் பேரம் பேசுவோம். ஆகவே அவர் ‘நாளை வருகிறேன்’ என்கிறார். அவர்மேல் குற்றமில்லை, கணக்கு அப்படி. கைபேசிச் செயலி வழியாகக் கூப்பிட்டாலும் வந்து பார்ப்பதற்கென்று ஒரு தொகை உண்டு. அதனால் வீடுகளில் என்ன நடக்கிறது? ‘இன்னும் ரெண்டு மூணு ரிப்பேர் சேரட்டும், ஒரேயடியாகக் கூப்பிட்டுக்கலாம்’ என்று முடிவாகிறது. குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஃப்ளஷ் டேங்க் மெல்ல ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஆளைக் கூப்பிடுவோம் என்ற கொள்கை நடைமுறையில் எதையும் சரிசெய்யாமல் விடுகிற கொள்கையாகத்தான் முடிகிறது.

அந்தச் சொட்டின் அளவு என்ன என்பதை ஒரு கிண்ணத்தை வைத்து யாரும் அளந்துகொள்ளலாம். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டு. மிகச் சிறிய சொட்டாக, ஒரு மில்லி லிட்டருக்கு இருபது என்று வைத்தாலும் நான்கு லிட்டருக்கு மேல் போகிறது. கனத்த சொட்டாக, நான்கு சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர் என்று வைத்தால் இருபத்தொரு லிட்டரைத் தாண்டுகிறது. ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகினால் அது இதைப்போலப் பல மடங்கு. மும்பையில் மாநகராட்சித் தண்ணீர் ஒவ்வொரு பகுதிக்கும் குறித்த சில மணி நேரமே வருகிறது. அதைத் தரைமட்டத் தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். தண்ணீர் வருவது சில மணி நேரம். மாடித் தொட்டியிலிருந்து கசிவது இருபத்துநாலு மணி நேரமும். கசிகிற ஒவ்வொரு லிட்டருக்கும் மின்சாரச் செலவும் சேர்த்தே கணக்கு.

இந்த இழப்பு ஏன் நம் கண்ணில் படுவதில்லை? மின்சாரத்துக்கு வீட்டுக்கொரு மீட்டர் உண்டு. பெரும்பாலான கட்டிடங்களில் தண்ணீருக்குச் சொசைட்டி முழுவதற்கும் சேர்த்துத்தான் மீட்டர். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி விதிகளின்படி, தண்ணீர்க் கட்டணத்தை வீட்டில் உள்ள குழாய் வாய்களின் எண்ணிக்கையையும் அளவையும் வைத்துப் பிரிக்கிறார்கள். யார் எவ்வளவு செலவழித்தார் என்று பார்ப்பதில்லை. என் வீட்டுக் குழாய் மாதக்கணக்கில் சொட்டினாலும் என் பில்லில் அது தனியாகத் தெரியாது. அக்கம்பக்கத்தார் அத்தனை பேரின் தலையிலும் விழும். அலட்சியத்துக்குத் தண்டனை இல்லாத இடத்தில் அலட்சியம் வழக்கமாகிவிடுகிறது. அந்த வழக்கத்துக்குத்தான் நாம் நியாயம் கற்பித்துக்கொண்டிருக்கிறோம்.

மும்பைக்குத் தண்ணீர் தருபவை ஏழு ஏரிகள்: மேல் வைதர்ணா, மத்திய வைதர்ணா, மோடக் சாகர், தான்சா, பாட்சா, விஹார், துளசி. விஹாரும் துளசியும் தவிர மற்றவை நகரத்துக்கு வெளியே, வெகு தொலைவில் இருக்கின்றன. மழை தாமதித்த 2023-லும் 2024-லும் பத்து சதவீதத் தண்ணீர் வெட்டு அறிவிக்கப்பட்டது. மாநகராட்சியின் திட்டக் கணக்கில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். குடிசைப் பகுதியில் இருப்பவருக்கு 45 லிட்டர். கனத்த சொட்டு விழும் ஒரு குழாய், தாராவியில் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட நாள் தண்ணீரில் ஏறக்குறைய பாதியைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. மாடுங்காவில் குழாயை அடைத்தால் அந்தத் தண்ணீர் நேராகத் தாராவிக்கு ஓடிவிடாது என்று சொல்வார்கள், உண்மைதான். மாடுங்கா எஃப் வடக்கு வார்டு, தாராவி ஜி வடக்கு வார்டு, பகிர்வு வேறு வேறு. ஆனால் ஏரிகள் அதே ஏழுதான், பற்றாக்குறையும் ஒன்றுதான். தண்ணீர் என்பது வாழ்வுரிமையின் பகுதி, குடிசை எந்த ஆண்டு எழுந்தது என்பதை வைத்து அதை மறுக்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொல்ல வேண்டியிருந்தது. இப்படி வழக்காடித் தண்ணீர் பெறுகிறவர்கள் வாழும் நகரத்தில், ஒரு ரப்பர் வளையத்தை மாற்றத் தெரியாது என்பது காரணமாக நிற்காது.

இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் எழுத்தாளரும் ஓவியருமான ஆபித் சுர்தி. ‘பகதூர்’ என்ற சித்திரக்கதை நாயகனைப் படைத்தவர் அவர். தம் எழுபதுகளில், 2007-இல், பரிசாகக் கிடைத்த ஒரு லட்சம் ரூபாயை வைத்து மீரா ரோட்டில் ‘டிராப் டெட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பிளம்பரையும் ஒரு தன்னார்வலரையும் அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், சொட்டும் குழாய்களைக் காசு வாங்காமல் சரிசெய்தார். இவ்வளவு சின்ன வேலைக்குப் பிளம்பர் கிடைப்பதில்லை என்பதுதான் அவர் பார்த்த உண்மை. அவர் மாற்றியவற்றில் பெரும்பாலானவை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ரப்பர் வளையங்கள். அவரைப் பாராட்டிப் பேசாதவர் இல்லை. ஆனால் ஒரு முதியவர் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து நம் வீட்டுக் கதவைத் தட்டும் வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும் என்ற கேள்வியை அந்தப் பாராட்டு விழுங்கிவிடுகிறது.

அடுத்து எச்சரிக்கை வாதம்: கை வைத்தால் இன்னும் கெடும். இது மற்றவற்றைவிட வலுவானது, ஆகவே விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். கை வைக்காமல் விட்டால் என்ன கெடுகிறது என்பதை முதலில் பார்ப்போம். 1896-இன் பிளேக்குக்குப் பிறகு அமைந்த பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்துத் தந்த மனைகளில் எழுந்தவை மாடுங்காவின் பழைய கட்டிடங்கள். அவற்றில் பலவற்றுக்கு எண்பது வயதுக்கு மேலாகிறது. குளியலறைத் தரையில் இறங்கும் நீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அது உப்பி வெடிக்கும்போது கீழ்வீட்டுக் கூரைக் காரை பெயர்ந்து விழுகிறது. வீட்டுக்குள்ளிருக்கும் கழிப்பறை, சிங்க் கசிவுகளைச் சரிசெய்யும் செலவு உறுப்பினருடையது என்று மாதிரி விதிகள் சொல்கின்றன. ஆக, தள்ளிப்போடப்பட்ட சொட்டு ஒருநாள் கீழ்வீட்டாரோடு சண்டையாகவும், குளியலறையை முழுக்க உடைக்கும் செலவாகவும் வந்து சேரும். ஐயாயிரம் என்று பயமுறுத்துகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

சரி, கை வைப்பது அவ்வளவு ஆபத்தா? குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத வரைதான் பயம். பல சுற்றுச் சுற்றி மூடும் பழைய வகைக் குழாயில், ஸ்பிண்டில் என்னும் திருகு தண்டின் நுனியில் ஒரு ரப்பர் வாஷர் உட்கார்ந்திருக்கும். குழாயை மூடும்போது அது தண்ணீர் வரும் துளையை அழுத்தி அடைக்கிறது. வருடக்கணக்கில் அழுந்தி அழுந்தி ரப்பர் இறுகிப் பள்ளம் விழுகிறது, சொட்டுகிறது. இவ்வளவுதான் நோய். சொட்டை நிறுத்தக் கைப்பிடியை இன்னும் பலமாக முறுக்குவதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறான வைத்தியம். அது வாஷரை இன்னும் சீக்கிரம் கொல்லும்.

செய்ய வேண்டியது இது. முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். வாஷ்பேசினுக்கும் ஃப்ளஷ் டேங்குக்கும் அடியில் ஆங்கிள் காக் என்னும் சின்ன வால்வு இருக்கும். சுவர்க் குழாய்க்கு அது இருக்காது; குளியலறைக்குள் வரும் லைனுக்கான வால்வு, பெரும்பாலும் லாஃப்ட் உயரத்தில், துருவேறிக் காத்திருக்கும். உங்கள் வீட்டு வால்வு எங்கே இருக்கிறது, அது மூடுகிறதா என்று இன்றே பார்த்துவையுங்கள். மற்ற எல்லாப் பாடத்துக்கும் முந்திய பாடம் இதுதான். நிறுத்தியதும் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். திருகாணி தவறி விழுந்தால் போய்விடாதபடி, வடிகால் ஜாலியின் மேல் ஒரு துணியை விரியுங்கள். கைப்பிடியைக் கழற்றி, அதன் கீழுள்ள பித்தளை நட்டை ஸ்பானரால் திறந்தால் ஸ்பிண்டில் வெளியே வரும். பழைய வாஷரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். மாடுங்கா மார்க்கெட்டைச் சுற்றியிருக்கும் எந்த ஹார்டுவேர் கடைக்காரரும் பார்த்தவுடன் ஜோடி எடுத்துத் தருவார். கால் சுற்றில் மூடித் திறக்கும் புது வகைக் குழாயில் வாஷர் இருக்காது. செராமிக் தகடுகள் கொண்ட கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதை அப்படியே கழற்றி அதே அளவில் வேறொன்று போட வேண்டும். குழாயையே மாற்றினால் மரையில் டெஃப்லான் டேப் சுற்றுங்கள். மரை உங்களைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் திசையில் இறுக்கமாகச் சுற்றினால் முறுக்கும்போது அவிழாது. சணலும் வெள்ளை பெயிண்டும் வைத்து இறுக்கிய காலத்தைவிட இந்த வேலை இப்போது எவ்வளவோ சுலபம்.

ஃப்ளஷ் டேங்கைப் பரிசோதிக்க ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போதும். டேங்க் மூடியைத் திறந்து தண்ணீரில் அதைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால், அடியில் இருக்கும் ரப்பர் சீல் சரியாக மூடவில்லை. பல நேரம் அதில் படிந்த மண்ணையும் வழவழப்பையும் துடைத்தாலே சரியாகிவிடும். இல்லாவிட்டால் சீலை மாற்ற வேண்டும். நிறத்தைக் கரைக்காமலேயே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால், பெரும்பாலும் மிதவை உயரமாக இருக்கிறது என்று பொருள்; தண்ணீர் மேல்வழிக் குழாயில் வழிந்து கோப்பைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மிதவைத் திருகைச் சற்றுத் திருப்பி, நீர்மட்டம் அந்தக் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி வைத்தால் போதும். இதற்குக் கருவியே வேண்டாம். பழைய டேங்க் ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் வரை கொட்டுகிறதென்றால், தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை மிதவையில் இடிக்காதபடி உள்ளே நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம். கோப்பை சுத்தமாகாமல் இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தால் பாட்டிலை எடுத்துவிடுங்கள். 1980-இல் ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனம் கொண்டுவந்த இரட்டைப் பொத்தான் முறை இன்று மூன்றும் ஆறும் லிட்டர் அளவில் எங்கும் கிடைக்கிறது. பல பழைய டேங்குகளுக்குள்ளும் அதற்கான செட்டைப் பொருத்த முடியும்.

நாற்றம் வந்தால் உடனே ஆசிட் ஊற்றுவது அடுத்த கெட்ட பழக்கம். தரை வடிகாலுக்கு அடியில் நஹானி டிராப் இருக்கிறது. அதில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றையும் கரப்பானையும் தடுக்கிறது. ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்துத் திரும்பும்போது வீடு நாறினால், அந்தத் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். இரண்டு குவளை தண்ணீர் ஊற்றினால் சரி. தண்ணீர் தேங்கினால் ஜாலியைத் தூக்கி, கையுறை போட்டுக்கொண்டு முடியையும் சோப்புக் கசடையும் எடுங்கள். வாஷ்பேசின் அடைத்தால் அடியில் ஒரு வாளியை வைத்து பாட்டில் டிராப்பின் அடிக்கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றினால் அடைப்பு கண்ணுக்கே தெரியும். ஆசிட் டைல்ஸ் இடுக்குப் பூச்சைத் தின்றுவிடுகிறது. கசிவுக்கு வழியைத் திறப்பதே அதுதான். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கீழ்வீட்டார் கூரையில் ஈரம் தெரிகிறது என்று சொன்னால், சண்டைக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு நாள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல், வால்வை மட்டும் திறந்தே வையுங்கள். ஈரம் அப்போதும் பரவினால் சுவருக்குள் ஓடும் குழாயில் கோளாறு. காய ஆரம்பித்தால் தரையிலோ வடிகாலிலோ கோளாறு. டைல்ஸ் இடுக்குகள்தான் காரணம் என்றால், பழையதைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸி கிரௌட்டை நீங்களே பூசலாம். அதற்குப் பிறகும் நிற்கவில்லையென்றால் டைல்ஸுக்கு அடியில் உள்ள நீர்த்தடுப்பே போய்விட்டது. அது வல்லுநர் வேலை. நோயைக் கண்டுபிடித்த பிறகு அவரைக் கூப்பிடுவதற்கும், எதுவும் தெரியாமல் கூப்பிட்டு அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிய தொகை.

மேம்படுத்தும் வேலைகளில் முதலிடம் தர வேண்டியது முதியவர்களுக்கான பிடிகம்பிக்கு. நம் குடும்பங்களில் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் ஊரிலிருந்து வந்த அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். அவர்கள் எழும்போது பிடிப்பது துண்டு போடும் கம்பியை. அது அவர்கள் எடையைத் தாங்காது. கோப்பைக்கு அருகிலும் குளிக்கும் இடத்திலும் நல்ல எஃகுக் கம்பியைச் செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டுப் பதியுங்கள். ரப்பர் உறிஞ்சி வைத்து ஒட்டும் வகையை நம்பாதீர்கள். குழாய், ஷவர் வாய்களுக்கு நேர் மேலும் கீழும் துளையிட வேண்டாம்; உள்ளே பைப் போகும் தடம் பெரும்பாலும் அதுதான். அடுத்தது ஏரேட்டர். குழாய் வாயில் திருகும் இந்தச் சல்லடை, தண்ணீரில் காற்றைக் கலந்து செலவைக் கணிசமாகக் குறைக்கிறது. 2024-இன் தண்ணீர்ப் பஞ்சத்தில் பெங்களூரு குடிநீர் வாரியம் வணிக நிறுவனங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. கையால் திருகிப் பொருத்தக்கூடிய ஒரு பொருளுக்கு நாம் பஞ்சம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லை உண்டு; அதை மறைத்தால் என் வாதமே நேர்மையற்றதாகிவிடும். கீசரின் மின் இணைப்பைத் தொடாதீர்கள். அதற்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேண்டும், எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி-யும் இருக்கின்றனவா என்று அவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். காஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் வைக்கவே கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு கொல்லும். சுவருக்குள் புதைந்த பைப், கட்டிடத்தின் பொதுக் குழாய், துருவேறி அசையாமல் நிற்கும் பழைய ஜி.ஐ. இணைப்பு ஆகியவற்றைப் பலம் கொண்டு முறுக்காதீர்கள். முறிந்தால் மொத்தக் கட்டிடத்துக்கும் தண்ணீர் நிற்கும். ஆனால் இந்த எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் வேலைகள்தான் வீட்டில் அடிக்கடி வருபவை.

இனி, ஏழையின் பிழைப்பு. நல்ல மனதிலிருந்து வரும் வாதம் இது. ஆனால் பிளம்பரின் வாழ்க்கையைப் பார்க்காத வாதம். இந்தியா முழுவதும் வேலை செய்யும் பிளம்பர்களில் ஏராளமானோர் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர்கள். தலைமுறைகளாக ஒருவரிடம் ஒருவர் கற்றுப் பரப்பிய திறமை அது. அங்கே பட்டாமுண்டாயில் இதற்கென்றே அரசு பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அப்படிக் கற்றுவந்தவரின் வருமானம் நம் வாஷரில் இல்லை. நீர்த்தடுப்பு, பைப் லைன், முழுக் குளியலறை வேலை ஆகியவற்றில்தான் இருக்கிறது. அங்கே நாம் என்ன செய்கிறோம்? ‘ரெண்டு மணி நேர வேலைக்கு இவ்வளவா?’ என்று பேரம் பேசுகிறோம். குனிந்து, கை வழுக்க, இருட்டில் ஒரு நட்டைத் திறந்து பார்த்தவருக்கு அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பின்னால் இருக்கும் இருபது வருட அனுபவம் புரியும். அவர் கேட்ட கூலியைக் கொடுப்பார். சின்ன வேலையை நாமே செய்துகொண்டு, பெரிய வேலைக்கு முழுக் கூலி தருவதுதான் உண்மையான இரக்கம்.

நேரமில்லை என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. வாஷர் மாற்ற, முதல் தடவை என்றால் ஒரு மணி நேரம் ஆகும். பழகிய பிறகு கால் மணி. பிளம்பருக்காக வீட்டில் காத்திருப்பது அதைவிட அதிகம், அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுகிறது. அடைத்த வடிகாலோடும் ஓடாத ஃப்ளஷோடும் பகலெல்லாம் மல்லுக்கட்டுகிறவரும் அவர்களே. ஸ்பானர் ஆண்கள் கருவி என்ற எண்ணத்தையும் இதோடு விட்டுவிட வேண்டும். இந்த வேலைகளுக்கு வேண்டியது பொறுமை, பலம் அல்ல.

இந்தக் காரணங்களெல்லாம் விழுந்த பிறகும் தயக்கம் மிஞ்சுகிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதை நேராகச் சொல்லியாக வேண்டும். நாம் விட்டுவந்த ஊர்களில் கழிப்பறை வீட்டுக்குள் இல்லை. கொல்லைக் கோடியில் இருந்தது, அதைச் சுத்தம் செய்ய வந்தவருக்குத் தெருவாசல் கிடையாது, புறவாசல்தான். பம்பாயிலும் பழைய கட்டிடங்களுக்கு நடுவே கழிவுக்காகவே ஒதுக்கிய ஒடுக்கமான ‘ஹவுஸ் கல்லி’கள் இன்றும் இருக்கின்றன. அடுக்குமாடி வீடு கழிப்பறையை நம் படுக்கையறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. வீட்டின் அமைப்பு மாறியது. இந்த இடத்து வேலை நமக்குரியதல்ல, அதைச் செய்ய வேறு சிலர் பிறந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் மாறவில்லை. சாதி, வேலைகளைப் பிரிப்பதோடு நிற்காமல், வேலை செய்யும் மனிதர்களையே படிப்படியாக அடுக்கியது என்று 1936-லேயே வாதிட்ட அம்பேத்கர், மாடுங்காவை ஒட்டிய தாதர் இந்து காலனியில்தான் வீடு கட்டிக் குடியிருந்தார். பிளம்பருக்குத் தனிக் குவளையில் தண்ணீர் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. சமையலறைக் குக்கரின் காஸ்கெட்டைத் தயக்கமில்லாமல் மாற்றும் அதே கை, ஃப்ளஷ் டேங்கின் சீலுக்குப் பின்வாங்குகிறது. இரண்டும் ரப்பர்தான். டேங்கில் இருப்பதும் குழாயில் வரும் அதே நல்ல தண்ணீர்தான்.

இந்த நகரத்தின் தமிழர்களிடையே வேறொரு மரபும் உண்டு. நாம் பின்பற்ற வேண்டியது அதை. கோலார் தங்கவயலில் பிறந்து, 1960-களில் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை செய்த ஜோக்கின் அற்புதம், செம்பூருக்கு அப்பால் மான்கூர்டு ஜனதா காலனியில் வாழ்ந்தவர். குப்பையை மாநகராட்சி அள்ளாதபோது, காலனிக் குழந்தைகளைத் திரட்டி அந்தக் குப்பையை மாநகராட்சி அலுவலகத்திலேயே கொண்டுபோய்ப் போட வைத்தவர். அந்தக் காலனி 1976-இல் இடிக்கப்பட்டது. அவர் தலைமை ஏற்ற தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும், நடைபாதைப் பெண்களிடமிருந்து எழுந்த மகிளா மிலனும், ஸ்பார்க் அமைப்பும் சேர்ந்து மும்பையிலும் புனேயிலும் பொதுக் கழிப்பறைகளைக் கட்டின. 1999-க்குப் பிறகு புனேயில் எழுந்த பல கழிப்பறைகளின் கட்டுமானப் பணியை எடுத்து நடத்தியவர்கள், பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத பெண்கள். செங்கல், சிமெண்ட், குழாய், கழிவுத் தொட்டி என்று கற்றுக்கொண்டு, வரவு செலவும் அவர்களே பார்த்தார்கள். ஜோக்கினுக்கு 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன, 2018-இல் காலமானார். அந்தப் பெண்களால் ஒரு கழிப்பறைக் கட்டிடத்தையே எழுப்ப முடிந்தது என்றால், பட்டப்படிப்பு படித்த நம்மால் ஒரு மிதவைத் திருகைத் திருப்ப முடியாது என்பதை யார் நம்புவார்?

கற்றுக்கொள்வது நமக்குப் புதிதும் அல்ல. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று இந்த நகரத்தில் வேலை பிடித்தவர்கள் நம் பெரியவர்கள். பேசத் தெரியாத இந்தியையும் மராத்தியையும் சந்தையிலும் ரயிலிலும் கற்றவர்கள். கையால் செய்யும் வேலை ஒன்றைக் கற்பது மட்டும் கௌரவக் குறைவு என்று நாமே வைத்துக்கொண்ட விதியை நாமேதான் நீக்க வேண்டும்.

சொசைட்டிகள் இதைத் தனிமனித ஆர்வத்துக்கு விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு கட்டிடத்துக்கும் ஒரு பொதுக் கருவிப் பெட்டி இருக்கட்டும்: நல்ல ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், டெஃப்லான் டேப், சில அளவுகளில் வாஷர். மழைக்காலத்துக்கு முன் வருடம் ஒருமுறை எல்லா வீடுகளிலும் வால்வு, குழாய், ஃப்ளஷ் டேங்க் சோதனை நடக்கட்டும். சயானில் இருக்கும் பம்பாய்த் தமிழ்ச் சங்கமும், மாடுங்கா, சேடா நகர்ச் சமாஜங்களும் பாட்டுக்கும் பேச்சுக்கும் மேடை தருவதுபோல, அனுபவமுள்ள பிளம்பர் ஒருவரை ஆசிரியராக அழைத்து, ஆசிரியருக்குரிய மரியாதையும் ஊதியமும் கொடுத்து, அரை நாள் வகுப்பு நடத்தட்டும். புறவாசலில் நிறுத்தப்பட்ட அறிவு அன்று மேடையேறும். வீட்டுச் சொட்டு நிற்பதைவிட இது பெரிய பழுதுபார்ப்பு. உங்கள் கட்டிடத்தின் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ‘அதற்குத்தான் ஆள் இருக்கிறாரே’ என்று யாராவது எழுந்து சொன்னால், அந்த ஆளுக்குக் கடைசியாக நாம் முழுக் கூலி கொடுத்தது எப்போது, அவர் வராத நாட்களில் ஓடிய தண்ணீர் யாருடையது என்று கேளுங்கள்.